மரியின் மடியா, மாரியின் மாடியா? – தமிழில் சொந்தமாகக் கிறிஸ்துமஸ் பாட்டு எழுதுவது பற்றி

போன வருஷம் நவம்பர் கடைசியில், பெரும்பாக்கம் எழில் நகரில் ஒரு எட்டு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், இருபது பிள்ளைகள் நான் எழுதிய பாட்டை முதல் தடவை பாடிப் பார்த்தார்கள். டிசம்பரில் வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கான பாட்டு. "வருஷா வருஷம் அதே அஞ்சு பாட்டுதானா, நீங்கதான் ஏதோ தமிழ் ஆராய்ச்சி எல்லாம் பண்றீங்களே, ஒண்ணு எழுதுங்க" என்று கேட்டார்கள். நானும் பெருமையோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாட்டு 'மரியின் மடியில்' என்று தொடங்கும். கீபோர்டு வாசிக்கும் தம்பி மூன்று தட்டுத் தாளத்தில் அழகான ஒரு மெட்டு போட்டிருந்தான். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்துக்கும் நீண்ட சுரம். பிள்ளைகள் மெட்டை மதித்து, முழு மூச்சோடு பாடினார்கள். வெளியே வந்தது 'மாரியின் மாடியில்'.

இரண்டு விநாடி அமைதி. பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "அங்கிள், எந்த மாரி அக்கா? எத்தனாவது மாடி?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அன்றைக்கு ஒத்திகை நடக்கவில்லை. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மாரியக்கா குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு ஏறினார் என்பதுவரை கதை வளர்ந்தது. நானும் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. வரியில் தப்பில்லை. மெட்டிலும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்தால் மட்டும் தப்பு. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பிழை நன்றாகத் தெரியும்: இரண்டு பகுதியும் தனித்தனியாகச் சோதனையில் தேறும், இணைத்தால் விழும். இணைப்பில் என்னதான் பிரச்சினை என்று தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

முதல் விஷயம் ஒன்றாம் வகுப்புப் பாடம். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தொல்காப்பியம் தொடங்கி எல்லா இலக்கணமும் சொல்வது. நாம் அதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோகிறோம். ஆனால் நம் மொழியில் அந்த ஒரு மாத்திரை வித்தியாசத்தில் அர்த்தமே தொங்கிக்கொண்டிருக்கிறது. கல், கால். விடு, வீடு. படு, பாடு. மடி, மாடி. ஆங்கிலத்தில் 'நைட்' என்ற சொல்லை எட்டுத் தட்டுக்கு இழுத்தாலும் அது நைட்தான். (ஷிப்–ஷீப் இருக்கிறதே என்பீர்கள். அங்கே நீளம் மட்டுமல்ல, நாக்கு நிற்கும் இடமும் மாறுகிறது.) தமிழில் 'மடி'யை ஒரு தட்டு கூடுதலாக இழுத்தால் வேறு வீட்டுக்குப் போய்விடுவோம்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பாட்டு என்றாலே இழுப்பதுதானே? ஆமாம். அதையும் தொல்காப்பியமே சொல்கிறது. எழுத்துகளின் அளவையெல்லாம் வகுத்துச் சொன்ன பிறகு, நூன்மரபின் கடைசிச் சூத்திரத்தில், இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும், அதெல்லாம் இசை நூலார் சமாச்சாரம் என்று ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். விதியைச் சொல்லிவிட்டு விதிவிலக்கின் முகவரியையும் தருகிறார்.

அப்படியானால் தேர்ந்த பாடகர் குறிலை இழுக்கும்போது நமக்கு ஏன் 'மாடி' என்று கேட்பதில்லை? நான் நாலைந்து கச்சேரிப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் முதலில் சொல்லை அதன் அளவில் தெளிவாக உச்சரித்துவிடுகிறார்கள். காது சொல்லை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் அந்த உயிரைப் பிடித்துக்கொண்டு சஞ்சாரம் போகிறார்கள். பக்கத்தில் உள்ள நெடில் இன்னும் கொஞ்சம் நீளும். விகிதம் காப்பாற்றப்படுகிறது. இருபது பிள்ளைகள், ஒரு கீபோர்டு, ஒரு பழைய பெயின்ட் டப்பா மத்தளம் – இந்த அணியிடம் போய் அந்த நுணுக்கத்தைக் கேட்க முடியாது. கூட்டமாகப் பாடும் பாட்டில், நீண்ட சுரம் விழும் இடத்தில் நீண்ட எழுத்து இருந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

சரி, இது எனக்கு மட்டும் வந்த பிரச்சினையா என்று பார்த்தால், தமிழில் கிறிஸ்தவப் பாட்டுகளின் வரலாறே ஒரு விதத்தில் இந்தப் பிரச்சினையின் வரலாறுதான்.

சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706-ல். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார்கள், மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு. வேப்பேரியில் நீண்ட காலம் இருந்த ஃபாப்ரிசியஸ் இந்த வேலையில் பெரிய கை. பிறகு ஆங்கிலப் பாட்டுகள் வந்தன. இன்றைக்கும் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் 'பாமாலை', 'கீர்த்தனை' என்று இரண்டு வகை உண்டு. லுத்தரன் ஆலயங்களில் 'ஞானப்பாட்டு', 'கீர்த்தனை' என்பார்கள். முதல் வகை வெளி மெட்டு, இரண்டாவது நம் ராகம், தாளம், பல்லவி, சரணம். வழிபாட்டு அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டிருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், ஏன் என்று யோசித்ததில்லை.

வெளி மெட்டில் தமிழை உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் 8.6.8.6 என்று எண்கள் இருக்கும். முதல் அடியில் எட்டு அசை, அடுத்ததில் ஆறு, இப்படி. (இங்கே அசை என்பது நேரசை, நிரையசை இல்லை, ஒரு மூச்சில் வரும் ஒலித்துண்டு.) ஆங்கிலத்தில் எட்டு ஒலித்துண்டுக்குள் எட்டுச் சொற்களைக்கூட அடைக்கலாம், பாதிச் சொற்கள் ஒற்றைத் துண்டுதான். தமிழில் 'பெத்லகேமிலிருந்து' என்று எழுதிப் பாருங்கள். பெத்-ல-கே-மி-லி-ருந்-து. ஏழு. ஒரே சொல், அடி முடிந்தது. இன்னும் யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று சொல்லவே இல்லை. 'மேய்ப்பர்களுக்கு' ஐந்து. வேற்றுமை உருபு, பன்மை, சாரியை எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால் நம் சொற்கள் ரயில்பெட்டி மாதிரி நீளும். அதனால் மொழிபெயர்த்தவர்கள் ஒன்று கருத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், அல்லது உருபுகளைக் கழற்றிவிட்டு மொட்டைச் சொற்களை அடுக்கினார்கள். சில பழைய பாட்டுகளைப் பாடும்போது யார் யாருக்கு என்ன செய்தார் என்பது புரியாமலே பாடி முடிக்கிறோமே, அதற்கு இதுதான் காரணம். பக்தி குறைவு இல்லை, இடக் குறைவு.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. ஆங்கிலப் பாட்டுகள் பல, தாளத்தின் முதல் தட்டுக்கு முன்னாலேயே ஒரு சின்னச் சுரத்தில் தொடங்கும். அவர்கள் மொழிக்கு அது இயல்பு, ஏனென்றால் வாக்கியமே 'த', 'எ', 'இன்', 'ஆஃப்' என்று அழுத்தமில்லாத குட்டிச் சொல்லில் தொடங்கும். குட்டிச் சொல் தட்டுக்கு முன்னால் போய்விடும், முக்கியமான சொல் தட்டில் வந்து உட்காரும். நம்மிடம் முன்னால் வரும் குட்டிச் சொற்கள் இல்லை, எல்லாம் பின்னொட்டு. நம் சொல்லின் பலம் அதன் முதல் எழுத்தில் இருக்கிறது. மோனையும் எதுகையும் சொல்லின் தலைப்பக்கம் நிற்பது சும்மா இல்லை. அந்த முதல் எழுத்தைத் தட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, இரண்டாம் எழுத்தில் அழுத்தம் விழுந்தால் சொல் நொண்டும். இதைச் சமாளிக்க மொழிபெயர்ப்பாளர்கள் கண்டுபிடித்த வழிதான் அடியின் தொடக்கத்தில் 'ஓ', 'ஆ', 'இதோ', 'ஏ' போடுவது. ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, எத்தனை அடிகள் 'ஓ'வில் தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அது உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்திருந்தேன். பாதி இடங்களில் அது பொத்தல் அடைக்கும் சிமென்ட்.

நம் இசையில் இதற்கு நேர் எதிரான வழி ஒன்று இருக்கிறது. தட்டு விழுந்த பிறகு, அரை இடமோ முக்கால் இடமோ விட்டுப் பாட்டை எடுப்பது. அனாகத எடுப்பு என்பார்கள். தட்டில் மௌனம், அதன் பின் சொல். தட்டுக்கு முன்பே எடுப்பதற்கும் அதீத எடுப்பு என்று பெயர் உண்டு; ஆனால் தமிழ்க் கீர்த்தனைகளில் தட்டிலேயோ, தட்டுக்குப் பிறகோ எடுப்பதைத்தான் என் காது அதிகம் கேட்டிருக்கிறது.

இந்த முடிச்சையெல்லாம் ஒரே வீச்சில் அவிழ்த்தவர் என்று நான் நினைப்பது தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864). திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, சிறுவனாகவே தஞ்சைக்கு வந்து ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். அதே ஸ்வார்ட்ஸிடம் படித்தவர்தான் மன்னர் இரண்டாம் சரபோஜி. சாஸ்திரியார் 1800-ஐ ஒட்டி எழுதியது 'பெத்லகேம் குறவஞ்சி'. தலைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். குறவஞ்சி அப்போது ஊர் முழுக்கத் தெரிந்த ஆட்டப்பாட்டு. திருக்குற்றாலக் குறவஞ்சி வந்து ஏற்கெனவே பல தலைமுறை ஆகியிருந்தது. தலைவன் பவனி வருவான், தலைவி மயங்குவாள், நிலாவைத் திட்டுவாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்வாள், குறவன் பறவை பிடிக்க வலை வீசுவான். இந்த முழு அமைப்பையும் அப்படியே எடுத்துக்கொண்டார் சாஸ்திரியார். பவனி வருவது கிறிஸ்து, தலைவி தேவமோகினி என்னும் திருச்சபை, குறி சொல்வது விசுவாசம். நாட்டுவளம் பாடும் இடத்தில், ஸ்வார்ட்ஸ் காலத்துப் பள்ளியில் படித்த பூகோளத்தையும் கோப்பர்நிக்கஸின் சூரியக் குடும்பத்தையும்கூட நுழைத்துவிட்டார்! குறத்தி வாயில் வானியல். ஒரு பொறியாளனாக எனக்கு இந்த ஆளைப் பிடிக்காமல் போகுமா?

அவர் இதோடு நிற்கவில்லை. ஏற்றம் இறைப்பவன் பாட்டு, நொண்டி நாடகம், தச்ச நாடகம் என்று ஊரில் எந்தெந்த வடிவம் புழங்கியதோ அதையெல்லாம் எடுத்தார். நோவாவின் பேழை கட்டுவதைத் தச்சர் நாடகமாக்கினார். வடிவம் ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்தது. அதன் தாளம் தமிழ்ச் சொல்லின் நீளத்துக்கு ஏற்றாற்போல் பல தலைமுறையாகத் தேய்ந்து வழுவழுப்பானது. அவர் கதையை மட்டும் மாற்றினார். 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அதில் சாஸ்திரியாரின் பாட்டுகள் முக்கிய இடம் பிடித்தன. இன்றைக்கும் கேரல் ரவுண்ட்ஸில் அவரை அறியாமலே அவரைப் பாடுகிறோம்.

அவரைப் புனிதராக்கவும் எனக்கு ஆசையில்லை. ஆலயத்துக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று 1820-களில் புதிய மிஷனரிகள் சொன்னபோது, எதிர்த்து மனு எழுதிச் சண்டை போட்டவர் அவர். எழில் நகரில் நின்றுகொண்டு அவர் பாட்டைப் பாடும்போது இதுவும் நினைவில் இருப்பது நல்லது. பாட்டுக்கலை பெரியது, ஆள் அவர் காலத்து ஆள்.

சாஸ்திரியாருக்கு அரை நூற்றாண்டு கழித்து அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). சித்த வைத்தியர். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டவர். இவரும் 96 கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதியிருக்கிறார். பகலில் மருந்து, ராத்திரியில் சுருதிக் கணக்கு. முழுநேர வேலைக்கு நடுவே ஆராய்ச்சி பண்ணுகிறவர்களுக்கு இவர்தான் குலசாமி. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

மேற்கிலும் நிலைமை நாம் நினைக்கிற மாதிரி ஒழுங்கானதல்ல. 'ஹார்க் த ஹெரால்ட்' பாட்டின் வரிகள் சார்லஸ் வெஸ்லியுடையவை, 1739. இன்று பாடும் மெட்டு மெண்டல்சன் 1840-ல் அச்சுக்கலையின் 400-ம் ஆண்டு விழாவுக்காகப் போட்டது! 1855-ல் வேறொருவர் இரண்டையும் ஒட்டவைத்தார். 'சைலன்ட் நைட்' இன்னும் எளிய கதை. 1818, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊர். உதவிக் குருவானவர் யோசப் மோர் இரண்டு வருஷம் முன்பு எழுதிய கவிதையைக் கொடுக்க, பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர் மெட்டுப் போட, கிறிஸ்துமஸ் ராத்திரி இரண்டு பேரும் ஒரு கிதாரோடு பாடினார்கள். உலகத்துக்காக எழுதவில்லை. அந்த ஊருக்கு, அந்த ராத்திரிக்கு, அவர்கள் பேசும் மொழிக்கு எழுதினார்கள். நம் ஆட்கள் அந்த மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அந்த முறையை எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரு மனக்குறை.

இனி என் பாட்டுக்கு வருகிறேன்.

முதலில் கீபோர்டு தம்பியிடம் மெட்டைத் தூக்கிப் போடச் சொன்னேன். அவனுக்கு வருத்தம். "அண்ணே, மெட்டுக்குத்தானே எல்லாரும் பாட்டு எழுதறாங்க, சினிமாவுலயே அப்படித்தானே?" உண்மைதான். ஆனால் சினிமாவில் மெட்டுப் போடுகிறவர் 'தானனா' என்று பாடும்போதே தமிழ் நீளம் காதில் ஓடிக்கொண்டிருக்கும். எழுதுகிறவரும் பழுத்தவராக இருப்பார். நாம் இரண்டு பேருமே கற்றுக்குட்டி. அதனால் மெட்டும் வேண்டாம், வரியும் வேண்டாம், முதலில் நடையை மட்டும் முடிவு பண்ணுவோம் என்றேன். கேரல் ரவுண்ட்ஸ் என்பது நடந்துகொண்டே பாடுவது. நடந்து பார்த்தோம். இடது, வலது, இடது, வலது. ஒரு அடிக்கு நான்கு தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை. தானன தானா தானன தானா. மொத்தம் 16. பெயின்ட் டப்பா உடனே ஒப்புக்கொண்டது.

பிறகு ஒரு சின்ன நிரல் எழுதினேன். தமிழ் வரியைக் கொடுத்தால் மாத்திரை எண்ணிச் சொல்லும். சந்தப் பாட்டில் இலக்கணக் கணக்கு அப்படியே செல்லாது: குறில் 1, நெடில் 2, ஒற்று அடுத்து வந்தால் குறிலும் 2, நெடிலோடு வரும் ஒற்றுக்குத் தனிக் கணக்கில்லை. நிரலில் முதல் நாளே உதைத்தது. 'கோ' என்பது நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியெண். அதைச் சரிசெய்தால் அடுத்து ஐகாரம். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் 'ஐ' குறுகி ஒலிக்கும், ஐகாரக் குறுக்கம். அதை ஒன்று என்றும் எண்ணலாம், பாட்டில் இழுத்து இரண்டாகவும் ஆக்கலாம், எதுவும் கெடாது. குற்றியலுகரம் இன்னும் வசதி, அடிக் கடைசியில் வந்தால் விழுங்கியே விடலாம். ஆக, நம் மொழியில் ரப்பர் மாதிரி நீளும் எழுத்துகளும் இருக்கின்றன, கல் மாதிரி நீளாதவையும் இருக்கின்றன. நீண்ட சுரத்தை ரப்பர் மேல் போட வேண்டும். செம்மொழி நிறுவனம் எங்கள் பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறது. வண்டியில் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இந்த ரப்பர் உவமையை உள்ளே இருப்பவர்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ என்று தோன்றும்.

இப்போது 'மரியின் மடியில்' என்பதைத் திருத்த வேண்டும். ம-ரி-யின், ம-டி-யில். இரண்டு சொல்லிலும் முதல் இரண்டு எழுத்து கல். தட்டு விழும் இடத்தில் நெடில் வேண்டும். இரண்டு நாள் கழித்து இப்படி வந்தது:

தாய்மடி மேலே தூங்குது பிள்ளை
வாய்மொழி இல்லா வார்த்தை வந்தது

'தாய்' தட்டில் நீள்கிறது, 'மடி' வேகமாக ஓடிவிடுகிறது. இனி யாரும் மாடி ஏற முடியாது. இரண்டாவது அடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை நான் யோசித்து எழுதவில்லை. ஆங்கிலப் பாட்டில் ஒலிப்பொருத்தம் பெரும்பாலும் அடியின் கடைசியில் வரும். தமிழில் எதுகை தலையில், இரண்டாம் எழுத்தில். 'தாய்' என்பதற்கு எதுகை தேடினால் 'வாய்', 'சாய்', 'காய்' என்றுதான் வரும். 'வாய்மொழி' என்று எழுதிவிட்டு, பேச்சே வராத குழந்தை, ஆனால் யோவான் அதைத்தான் வார்த்தை என்கிறார், அட! என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எதுகை என்பது அலங்காரம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். தேடுபொறி என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். தெருவில் பாடும்போது இன்னொரு பயன்: முன்னால் போகிறவர் 'வாய்' என்று எடுத்தால் போதும், பின்னால் வருகிறவர்களுக்கு மீதி ஞாபகம் வந்துவிடும்.

அடுத்து வந்த பிரச்சினை பனி. கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் பனி கொட்ட வேண்டும் என்று நம் மனதில் எங்கேயோ பதிந்திருக்கிறது. பைபிளில் பனியும் இல்லை, தேதியும் இல்லை. டிசம்பர் 25 என்பது நான்காம் நூற்றாண்டில் ரோமில் நிலைத்த வழக்கம். ஆனால் தமிழில் ஒரு அதிர்ஷ்டம். நமக்குப் 'பனி' என்றால் வெண்பனிக் கட்டியும்தான், விடிகாலைப் பனியும்தான். மார்கழியும் தையும் நமக்கு முன்பனிக்காலம். அதனால் தமிழ்ப் பாட்டில் பனி வந்தால் அது பொய்யில்லை. கேரல் ரவுண்ட்ஸ் போகும் ராத்திரிகளில் தலையில் துண்டு கட்டாமல் போனால் மறுநாள் தொண்டை போய்விடும். ஆனாலும் சென்னைக்கு டிசம்பர் என்றால் முதலில் மழை. 2015 டிசம்பர் முதல் வாரத்தையும், 2016 வர்தாவையும், 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊர் இது. அந்தப் பெண் கேட்ட 'மாரி' மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. மாரி என்றால் மழைதானே. பிழையையே எடுத்து இரண்டாம் சரணமாக வைத்தேன்:

மாரிக் காலம் ஓய்ந்தது ராவில்
நாரைக் கூட்டம் நீரில் தூங்கும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்தில் இருப்பதால் நாரையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெத்லகேமில் நாரை உண்டா என்று ஒருவர் கேட்டார். குற்றால மலைக் குறத்தி பெத்லகேமுக்குப் போயிருக்கும்போது நாரை போகக் கூடாதா என்றேன்.

மூன்றாவது சரணத்தில்தான் உண்மையான தகராறு. யோசேப்பும் மரியாளும் ஏன் பெத்லகேம் போனார்கள்? அரசாங்கக் கணக்கெடுப்பு. பழைய தமிழ் பைபிளில் 'குடிமதிப்பு' என்று இருக்கும். அழகான சொல், ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாது. 'முன்னணை'யும் தெரியாது. 'சத்திரம்' தெரியும், ஆனால் கல்யாண சத்திரம்! சத்திரத்தில் இடமில்லை என்றால், முகூர்த்த நாளா அங்கிள் என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் புதிய மொழிபெயர்ப்பில் 'விடுதி', 'தீவனத் தொட்டி' என்று இருப்பது இவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. நான் குடிமதிப்பை விளக்க முயன்றேன். "ஊர்ல இருக்கறவங்க எல்லாம் அவங்கவங்க சொந்த ஊருக்குப் போய்ப் பேர் பதியணும்னு ராஜா உத்தரவு போட்டாரு." ஒரு பையன் உடனே, "டோக்கன் குடுத்தாங்களா?" என்றான்.

எழில் நகரில் இருப்பவர்களில் பலர் கூவம், அடையாறு கரைகளிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். கணக்கெடுப்பு, டோக்கன், ஒதுக்கீடு, லாரியில் பாத்திரம் பண்டம் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் வந்து இறங்கியது – இதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் தினமும் பேசப்படும் கதை. அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எங்கே போனாலும் டோக்கன் வாங்க வேண்டும், வாங்கினால்தான் வீடு. யோசேப்புக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

அன்று ராத்திரியே எழுதினேன். நிரலைக்கூடத் திறக்கவில்லை, தானாகவே 16-ல் வந்து நின்றது:

டோக்கன் வாங்கிட நின்றார் யோசேப்பு
ஏக்கப் பார்வை பார்த்தாள் மரியாள்

பிள்ளைகள் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். முதல் இரண்டு சரணத்தைவிடச் சத்தமாகப் பாடினார்கள். ஆனால் பெரியவர்கள் கூட்டத்தில் எதிர்ப்பு. ஆராதனைப் பாட்டில் டோக்கனா? நாளைக்கு ரேஷன் கார்டும் வருமா? ஒரு மூத்தவர் நிதானமாகச் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது: "தம்பி, இன்னைக்கு உங்களுக்குப் புரியுது. முப்பது வருஷம் கழிச்சு டோக்கன்னா என்னன்னு கேப்பாங்க. அப்போ அதுவும் முன்னணை மாதிரிதான்." எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, கரையோரத்திலிருந்து வந்தவர், "அப்படிக் கேக்கற காலம் வந்தா நல்லதுதானே ஐயா" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு பாடம் ஆயிற்று. ஆலயத்துக்குள் பாட ஒன்று:

பேரைச் சொல்லிட நின்றார் யோசேப்பு
நேரம் ஆச்சே என்றாள் மரியாள்

இதுவும் அதே 16-தான், எதுகையும் இருக்கிறது. நாள் நிறைந்த பெண் 'நேரம் ஆச்சே' என்று சொல்வதில் ஒரு பதற்றமும் இருக்கிறது. சொல்லப்போனால் கவிதையாக இதுதான் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் டிசம்பர் 20-ம் தேதி ராத்திரி, எழில் நகர் பிளாக்குகளுக்கு நடுவே, பெயின்ட் டப்பா முழங்க நாங்கள் போனபோது, பிள்ளைகள் எந்தப் பாடத்தைப் பாடினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்னது, டோக்கனா? இன்னொரு வாட்டி பாடுங்க" என்றார். நின்று, இன்னொரு தடவை பாடினோம்.